ஒன்பது பனியன்கள்

ஐம்பதுக்குக் குறைந்தால் ஸ்கிரீன் போடமாட்டோம் என்றார்
குன்னூர் கடைக்காரர்.
நாங்கள் ஒன்பது பேர்.
ஆடுவது ஆறு, பெஞ்சில் மூன்று.
கட்டபெட்டு பஸ்ஸில் ஏறும்போதே முடிவு செய்துவிட்டேன்,
வீட்டிலேயே அடிப்பதென்று.

சில்வர் ஓக் ரீப்பரில் சட்டம்.
நாலு மூலையில் மூன்று சரி.
பாலியஸ்டர் வலையைப் பெள்ளியம்மா ஒருபக்கம் இழுக்க
நான் ஒருபக்கம் பின் அடித்தேன்.
சுண்டினால் தம்பட்டம்போல் கேட்க வேண்டுமாம்.
எங்களுடையது நமுத்த அப்பளம்.
பிரித்து, மறுபடி.

மருந்துக்கு வெளிச்சம் ஆகாது.
குளியலறை ஜன்னலுக்குக் கம்பளி.
சிவப்பு ஜீரோ வாட் பல்பு
சாமி அலமாரியிலிருந்து கடன்.
மூன்று மணிநேரம் சாமி இருட்டில்,
நான் சிவப்பில்.
பச்சைக் கூழை ஸ்கேல் விளிம்பால்
ஒரே இழுப்பு.
இனிக் காய வேண்டும்.

ஜூலையில் கோத்தகிரிப் பக்கம் எது காய்ந்திருக்கிறது?
செவ்வாய் துவைத்த பாவாடை
வெள்ளிக்கிழமையும் கைவைத்தால் குளிரும்.
காய்ந்ததா என்று தொட்டேன்.
என் ரேகை பதிந்தது.
கணக்குப்படி அதுதான் முதல் அச்சு.

வெயிலில் தொண்ணூறு எண்ணு என்றான்
ஈரோட்டில் இதே தொழில் செய்யும் சித்தி மகன், போனில்.
எந்த வெயில் என்றேன்.
அவன் சிரிக்கவில்லை.
ஈரோட்டில் அப்படியொரு கேள்வி இல்லை.

கண்ணாடி, அதன்கீழ் எழுத்துத் தாள், அதன்கீழ் வலை.
போர்வை சுற்றித் தூக்கிக்கொண்டு
வாசலில் நின்றேன்.
மஞ்சு தேயிலையை முழுங்கி
பஸ் ஸ்டாப்பை முழுங்கி
பிளாரன்ஸ் அக்காவின் கோழியையும் முழுங்கி வந்தது.
ஒருமணி நேரம் கழித்து
மேலே எங்கோ ஒரு பொத்தல்.
போர்வையை உதறினேன். ஒன்று, இரண்டு...
நாற்பத்தொன்றில் மூடிக்கொண்டது.
மீதியை யாரிடம் கேட்பது?
ஒரு வெயிலுக்கு நாலு மேகம் என்று
நானே விலை வைத்து
இன்னும் இருநூறு எண்ணினேன்.

குழாயடியில் எழுத்து திறந்தது,
வெளிச்சம் படாத இடம் மட்டும் கரைந்து.
"என்னமோ வேற பாஷை மாதிரி இருக்கே?"
பெள்ளியம்மாதான்.
தாளை முதுகுப்பக்கமாக வைத்திருக்கிறேன்.
ட எல்லாம், தெரிந்தவளைப் பார்க்காததுபோல் பஸ்ஸில் உட்காருவார்களே,
அப்படித் திரும்பிக்கொண்டிருந்தது.
ப மட்டும் பழைய ப.
கவிழ்த்து அடித்தால் என்ன என்றாள்.
கவிழ்த்தால் துணிக்கும் வலைக்கும் நடுவில்
சட்டம் நிற்கும்.
பிளீச்சிங் பவுடர், பழைய டூத் பிரஷ்,
ஆதியிலிருந்து.

மூன்றாவது ஸ்கிரீனைப் பற்றி
ஈரோட்டுக்குச் சொல்லவில்லை.

சனி ராத்திரி மை ஊற்றினேன்.
ரப்பர் கட்டையைச் சாய்த்து என்பக்கம் இழுக்க
ஜிப் மூடுகிற சத்தம்.
சட்டத்தைத் தூக்கினால் துணியும் ஒட்டிக்கொண்டு எழுந்து
கொஞ்சம் யோசித்து
விட்டது.
மஞ்சளில் கருநீலம்: கட்டபெட்டு.
வாய்விட்டுப் படித்தாள் பெள்ளியம்மா,
ரேஷன் கார்டில் பேர் சரிபார்ப்பதுபோல்.

ஒன்பதாவதில் டுவின் வால் இழுவியது.
கோணல் மூலையின் வேலை.
அது எனக்கு என்றேன்.
எனக்குத்தான் என்று பிடுங்கினாள் ரெஜினா,
ஆட்டத்துக்கு ஆட்டம் வலையைத் தொட்டுப் பாயிண்ட் விடுகிறவள்.

மை பிடிக்க இஸ்திரி போட வேண்டும்.
ஆறு முடிந்தபோது கரண்ட் போனது.
பரவாயில்லை, மீதி மூன்றும் பெஞ்சுக்கு.
பெஞ்சில் நானும் உண்டு.

ஞாயிறு, அரவேணுவுடன்.
கடைசி செட்டில் ரெஜினாவுக்குக் கால் பிசகி
நான் இறங்கினேன். தூறலும் இறங்கியது.
பதினொன்றுக்குப் பதினைந்து, தோற்றோம்.

சாமிக்கு இன்னும் திருப்பித் தராத பல்பின் கீழ்
பனியனைக் கழற்றினேன்.
துணியைத் தாண்டி நெஞ்சில்
வெளிறிய நீலமாய் இறங்கியிருந்தது ஊர்.
குனிந்தால் தலைகீழ்.
கண்ணாடியில் பார்த்தால்
முதல் ஸ்கிரீன்.
தண்ணீர் சுடட்டும் என்று
கொஞ்சநேரம் அப்படியே நின்றேன்.